எழுத்துப்பிழையோடு வந்த ஆல்பம்

அட்டையிலேயே எழுத்துப்பிழையோடு வெளிவந்த ஒரு ஆல்பம் இருக்கிறது. பெயர் 'ஒடிஸி அண்ட் ஆரக்கிள்'. வந்தது 1968 ஏப்ரலில். பாடியவர்கள் 'தி ஸோம்பீஸ்' என்ற இங்கிலாந்து இசைக்குழு. ஒடிஸி என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றாவது எழுத்தாக 'ஒய்' வரணும். அட்டையை வரைந்த டெர்ரி க்விர்க் அந்த இடத்தில் 'ஈ' போட்டுவிட்டார். இவர் குழுவில் பேஸ் கிடார் வாசித்த கிறிஸ் ஒயிட்டின் அறைத்தோழர். தப்பு கண்ணில் பட்டபோது திருத்துவதற்கான நேரம் தாண்டிவிட்டது. கீபோர்டு வாசித்த ராட் ஆர்ஜென்ட் என்ன செய்தார் தெரியுமா? "அது பிழையே இல்ல, 'ஓட்' என்ற சொல்லை வச்சு வேணும்னே செஞ்ச சிலேடை"ன்னு ஒரு கதையைக் கட்டிவிட்டார். பல வருஷம் அந்தக் கதையே ஓடியது.

நம்ம ஆபீஸ்ல "இது பக் இல்லைங்க, ஃபீச்சர்"னு சொல்றோமே, அதேதான். 1968லேயே கண்டுபிடிச்சுட்டாங்க :-)

ஆனால் இந்த ஆல்பத்துக்கு வந்த கஷ்டங்களில் எழுத்துப்பிழைதான் ரொம்பச் சின்னது. இது கடைக்கு வந்தபோது, இதைப் பாடின குழுவே உலகத்தில் இல்லை. கலைந்துபோய் நாலு மாதம் ஆகியிருந்தது.

சைகடெலிக் பாப் என்றதும் பலபேர் "அது கஞ்சா கேஸுங்க கேக்கற பாட்டு"ன்னு முடிச்சுடறாங்க. அதனால ஒரு சின்ன விளக்கம். 1966, 67, 68 இந்த மூன்று வருஷங்களில் மேற்கத்திய பாப் இசைக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. அதுவரைக்கும் கிடார், ட்ரம்ஸ், இரண்டரை நிமிஷக் காதல் பாட்டு என்று போய்க்கொண்டிருந்தவர்கள் திடீரென்று நாடாவைத் திருப்பிப் போட்டார்கள், சிதார் வாசித்தார்கள், ஹார்ப்சிகார்டைத் தூசி தட்டினார்கள், குரலை ஸ்பீக்கரில் சுழலவிட்டார்கள். எல்எஸ்டி அதில் ஒரு பங்கு, மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பங்கு ஸ்டூடியோவுக்கு உண்டு. ரெக்கார்டிங் ஸ்டூடியோ என்பது பாட்டைப் பதிவு செய்கிற இடம் மட்டும் இல்லை, அதுவே ஒரு வாத்தியம் என்று அப்போதுதான் புரிந்தது. பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்', பீட்டில்ஸின் 'ரிவால்வர்' ரெண்டும் 1966. பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்', பிங்க் ஃப்ளாய்டின் முதல் ஆல்பம் ரெண்டும் 1967. இந்த வரிசையில் நான் சொல்லும் ஆல்பத்தை வைத்தால் எதற்கும் இளைத்ததில்லை. என் சொந்த வரிசையில் இதுதான் முதலில். சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

கொஞ்சம் முன்கதை. (கொசுவத்திச் சுருளைச் சுத்திக்கோங்க.)

லண்டனுக்கு வடக்கே, ஹெர்ட்ஃபர்ட்ஷர் மாவட்டத்தில் செயின்ட் ஆல்பன்ஸ் என்று ஒரு ஊர். பழைய தேவாலயம் இருக்கிற ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பையன்கள் ஐந்து பேர். ராட் ஆர்ஜென்ட் கீபோர்டு. காலின் ப்ளன்ஸ்டோன் பாட்டு. பால் அட்கின்சன் கிடார். ஹ்யூ கிரண்டி ட்ரம்ஸ். கிறிஸ் ஒயிட் பேஸ் கிடார். ஆர்ஜென்ட் சின்ன வயதில் அந்தத் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். ஐந்து பேரும் சேர்ந்து பள்ளித் தேர்வில் 50 பாடங்களில் தேறியவர்கள் என்று அந்தக் காலப் பத்திரிகைகள் எழுதின. ரோலிங் ஸ்டோன்ஸ் பற்றிப் பத்திரிகைகள் என்ன எழுதிக்கொண்டிருந்தன, இவர்களைப் பற்றி என்ன எழுதின என்று யோசித்துப் பாருங்கள். பேர் ஸோம்பி, ஆளுங்க படிப்பாளி. இன்ஜினியரிங் முடிச்ச எனக்கு இவங்க மேல ஒரு தனிப் பாசம் வந்ததுக்கு இதுவும் காரணம்.

1964இல் ஒரு இசைப்போட்டியில் ஜெயித்து டெக்கா நிறுவனத்தில் சேர்ந்தார்கள். முதல் பாட்டு 'ஷி'ஸ் நாட் தேர்'. எழுதியபோது ஆர்ஜென்ட்டுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அமெரிக்காவில் அந்தப் பாட்டு இரண்டாவது இடம் வரைக்கும் போனது. 1965இல் 'டெல் ஹர் நோ' ஆறாவது இடம். அதோட சரி. அதற்கப்புறம் போட்ட பாட்டெல்லாம் வரிசையாகப் படுத்துக்கொண்டது. ஒன்றிரண்டு இல்லை, இரண்டு வருஷத்துக்கு. டெக்காவோடு ஒப்பந்தமும் முடிந்தது.

இந்த இடத்தில்தான் அவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். எப்படியும் குழு ரொம்ப நாள் நிக்காது. உடையறதுக்கு முன்னாடி, நாம நினைச்ச மாதிரி, நம்ம காதுக்குக் கேக்கற மாதிரி, வேற எந்தத் தயாரிப்பாளரும் தலையிடாம ஒரே ஒரு ஆல்பம் செஞ்சு பார்த்துடுவோம். சி.பி.எஸ். நிறுவனம் ஒப்புக்கொண்டது. கொடுத்த பட்ஜெட் 1,000 பவுண்டு. முழு ஆல்பத்துக்கும் அவ்வளவுதான்.

1967 ஜூனில் அபே ரோட் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்கள். பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்' வேலையை முடித்துக் கிளம்பிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதே ஸ்டூடியோ. அந்த ஆல்பத்தைப் பதிவு செய்த அதே ஜெஃப் எமெரிக் இங்கேயும் இன்ஜினியர். கூட பீட்டர் வின்ஸ். இன்னும் ஒரு சமாச்சாரம்: ஜான் லெனன் தன் மெலோட்ரானை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். ஆர்ஜென்ட் அதை எடுத்து வாசித்துவிட்டார். யாரையும் கேட்ட மாதிரி தெரியவில்லை. பக்கத்து வீட்டு வைஃபை மாதிரி :-)

மெலோட்ரான் தெரியாதவர்களுக்கு: பார்க்க ஆர்மோனியத்துக்கும் ஆர்கனுக்கும் நடுவில் இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு நாடா. அதில் நிஜமான வயலினோ புல்லாங்குழலோ அந்த ஒரு ஸ்வரத்தை வாசித்துப் பதிவு செய்திருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், வயலின் கேட்கும். சுமார் 8 விநாடி. அவ்வளவுதான் நாடாவின் நீளம். கையை எடுத்தால் நாடா திரும்பிப் பழைய இடத்துக்கு வந்துவிடும். இன்றைக்கு லேப்டாப்பில் இருக்கிற சாம்ப்ளருக்கு இது தாத்தா. ஆனால் நாடா ஓடுவதில் எப்போதும் ஒரு சின்னத் தடுமாற்றம் இருக்கும். அதனால் அந்த வயலின் நிஜ வயலின் மாதிரி இருக்காது. கனவில் கேட்கிற வயலின் மாதிரி இருக்கும். முழு வாத்தியக் குழுவைக் கூப்பிட இவர்களிடம் காசு இல்லை. காசு இல்லாததால் வந்த சத்தம்தான் அந்த ஆல்பத்தின் அடையாளம் ஆனது.

இன்னொரு விஷயம். அப்போது ஸ்டூடியோவில் இருந்தது நான்கு தட நாடா. நான்கும் நிறைந்தால் அவற்றைக் கலந்து வேறொரு நாடாவின் ஒரு தடத்தில் கொட்டி, மீதித் தடங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருதடவை கலந்தது கலந்ததுதான், பிரிக்க முடியாது. கன்ட்ரோல் இஸட் கிடையாது. ஸ்டூடியோ வாடகை வேறு ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இவர்கள் எல்லாப் பாட்டையும் வெளியில் ஒத்திகை பார்த்து, யார் எந்தச் சுருதியில் எங்கே வருகிறார்கள் என்பது வரை முடிவு செய்துவிட்டு உள்ளே போனார்கள். கேட்கும்போது அது தெரியும். சைகடெலிக் ஆல்பங்களில் பெரும்பாலும் "இந்த இடத்துல என்ன பண்றதுன்னு தெரியல, ஏதாவது சத்தம் போடுவோம்" என்கிற பத்து நிமிஷம் ஒன்று வரும். இதில் கிடையாது. 12 பாட்டு, சுமார் 35 நிமிஷம். ஒரு நொடிகூட சும்மா இல்லை.

சரி, பாட்டுக்கு வருவோம். எல்லாத்தையும் சொன்னால் தாங்க மாட்டீர்கள், எனக்கு முக்கியமானதை மட்டும்.

கேர் ஆஃப் செல் 44: முதல் பாட்டு. பியானோ துள்ளிக்கொண்டு வரும். பாடுகிறவன் காதலிக்குக் கடிதம் எழுதுகிறான். நீ சீக்கிரம் வரப்போறே, உனக்காக அறையெல்லாம் சரிபண்ணி வச்சிருக்கேன் என்கிற மாதிரி உற்சாகம். கொஞ்சம் கழித்துத்தான் உறைக்கும்: அவள் இருப்பது ஜெயிலில். தலைப்பில் இருக்கும் 44 அவளுடைய அறை எண். அவள் என்ன குற்றம் செய்தாள் என்று பாட்டு சொல்லவே சொல்லாது. அவனும் கேட்கவில்லை. நடுவில் வாத்தியங்கள் எல்லாம் நின்று, வார்த்தையே இல்லாமல் குரல்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வரும் ஒரு இடம் இருக்கிறது. ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதுகுத்தண்டில் யாரோ ஐஸ் வைத்த மாதிரி இருக்கும்.

எ ரோஸ் ஃபார் எமிலி: வில்லியம் ஃபாக்னர் 1930இல் எழுதிய சிறுகதையின் தலைப்பு. கதையில் வரும் பிணம் பாட்டில் கிடையாது, பயப்படாதீர்கள். ரோஜா வளர்க்கும் ஒரு பெண். அவள் தோட்டத்துப் பூவை ஊரில் காதலிக்கிறவர்கள் எல்லாம் வாங்கிப் போகிறார்கள். அவளுக்கு ஒரு ரோஜா கொடுக்க ஆளில்லை. வயதாகிச் செத்துப்போகிறாள். ஒரு பியானோ, குரல்கள், அவ்வளவுதான். ட்ரம்ஸ் இல்லை, கிடார் இல்லை. ப்ளன்ஸ்டோன் குரலில் ஒரு காற்று இருக்கும் பாருங்கள், சொல்லிக்கொண்டே மூச்சு விடுகிற மாதிரி, அது இந்தப் பாட்டில்தான் முழுசாகத் தெரியும். அழ வைக்க அவர் எந்த முயற்சியும் எடுக்க மாட்டார். செய்தி வாசிக்கிற மாதிரிப் பாடிவிட்டுப் போய்விடுவார். நாம்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

பீச்வுட் பார்க்: இது நிஜ இடம், ஹெர்ட்ஃபர்ட்ஷரில் இருக்கிறது. கிறிஸ் ஒயிட்டின் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். அங்கெல்லாம் சரக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது பையனும் கூடப் போவான். அந்த ஞாபகம்தான் பாட்டு. மழை பெய்து ஓய்ந்த கோடைச் சாயங்காலம். சைகடெலிக் என்றால் வேறு கிரகத்துக்குப் போகணும்னு இல்லை, அப்பாவோட மளிகை வண்டியில போன ரோடு போதும் என்று சொல்லிக்கொடுத்த பாட்டு.

ப்ரீஃப் கேண்டில்ஸ்: ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 1930 கதைத் தொகுப்பின் பெயர், அவர் அதை ஷேக்ஸ்பியரிடமிருந்து எடுத்தார். ஒவ்வொரு சரணமும் ஒவ்வொருவர் குரல். மூன்று பேர், மூன்று தனிமை.

ஹங் அப் ஆன் எ ட்ரீம்: முதல் பக்கத்தின் கடைசி. ஆல்பத்திலேயே முழு சைகடெலிக் பாட்டு இதுதான். லெனனின் மெலோட்ரான் இங்கே கடல் மாதிரி பொங்கும்.

இரண்டாம் பக்கத்தில் 'சேஞ்சஸ்', 'ஐ வான்ட் ஹர் ஷி வான்ட்ஸ் மி' ரெண்டும் நல்ல பாட்டு, ஆனால் தாண்டிப் போகிறேன். ஏனென்றால் அடுத்து வருவது 'திஸ் வில் பி அவர் இயர்'. இரண்டே நிமிஷம். இந்த வருஷம் நம்ம வருஷம், ரொம்ப நாள் காத்திருந்து வந்த வருஷம் என்கிற பாட்டு. ஊதுகுழல்கள் பின்னால் நிமிர்ந்து நிற்கும். கல்யாண வீட்டில் போடலாம். இதை எழுதிப் பாடியது எந்த வருஷம்? அவர்கள் குழு உடைந்த அதே 1967. தெரிந்துகொண்டு கேட்டால் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் கனமாகிவிடும்.

புட்சர்ஸ் டேல்: முதல் உலகப்போர். பிரான்ஸ் போர்முனையில் ஒரு சிப்பாய். ஊரில் கசாப்புக் கடை வைத்திருந்தவன். இறைச்சியும் ரத்தமும் பழகிய அவனுக்கே கை நடுங்குகிறது, நிற்கவில்லை. கிறிஸ் ஒயிட் தானே பாடியிருக்கிறார். பயிற்சி இல்லாத, நடுங்குகிற குரல். கூட மிதி ஆர்மோனியம் ஒன்று முனகிக்கொண்டே வரும். இந்தப் பாட்டை ப்ளன்ஸ்டோன் பாடியிருந்தால் அழகாக இருந்திருக்கும். அழகாக இருந்திருக்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

கடைசிப் பாட்டு 'டைம் ஆஃப் த சீசன்'. மேற்கத்திய இசை பக்கமே போகாதவர்கள்கூட ஏதாவது ஒரு சினிமாவிலோ விளம்பரத்திலோ கேட்டிருப்பீர்கள். பேஸ் கிடார், ஒரு கைத்தட்டு, ஒரு மூச்சு, இப்படித் தொடங்கும் பாட்டு. ஸ்மோக்கி ராபின்சன் பாட்டு ஒன்றில் வந்த ஒரு வரியை ஆர்ஜென்ட் தப்பாகக் காதில் வாங்கியதிலிருந்து பிறந்த தலைப்பு இது. அவர் இதை எழுதி முடித்ததே பதிவுக்குக் கொஞ்சம் முன்புதான். ப்ளன்ஸ்டோனுக்கு மெட்டு மனசில் உட்காரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து ஆர்ஜென்ட் "அப்படி இல்ல, இப்படி" என்று திருத்திக்கொண்டே இருக்க, "உனக்குத்தான் அவ்வளவு தெரியுமே, நீயே வந்து பாடு" என்கிற ரீதியில் இவர் வெடித்திருக்கிறார். பாடகன் நீதான், சரியா வர்ற வரைக்கும் நில்லு என்று அவர் பதில். காதலுக்கான பருவம் இது என்று குழைந்து பாடும் அந்தக் குரலுக்குப் பின்னால் இவ்வளவு கடுப்பு. டெட்லைன் நேரத்தில் கோட் ரிவ்யூ பண்ணினவங்களுக்கு இந்தக் காட்சி நல்லாவே புரியும்.

* * *

பாட்டெல்லாம் முடிந்தது, மோனோவில் கலந்தாயிற்று, பட்ஜெட்டும் காலி. அப்போது சி.பி.எஸ். "ஸ்டீரியோ வேணுமே" என்றது. கூடுதலாகக் காசு தர மாட்டார்களாம். ஆர்ஜென்ட்டும் ஒயிட்டும் தங்கள் பாடல் உரிமைத்தொகையில் இருந்து 200 பவுண்டு போட்டு ஸ்டீரியோ கலவை செய்தார்கள். அதிலும் ஒரு சிக்கல். 'திஸ் வில் பி அவர் இயர்' பாட்டின் ஊதுகுழல்கள் நாடாவில் தனியாகப் பதிவாகவே இல்லை. மோனோவில் கலக்கும்போது நேரடியாக வாசித்துச் சேர்த்தது. அதனால் அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நிஜ ஸ்டீரியோ இல்லை, போலி ஸ்டீரியோதான் போட்டார்கள்.

ஆர்ஜென்ட், ஒயிட் கையில் மட்டும் எப்படிக் காசு இருந்தது? பாட்டு எழுதினவங்க அவங்கதான். ரேடியோவில் போட்டாலும் ரெக்கார்டு விற்றாலும் எழுதினவருக்குத் தனியாகப் பணம் வரும். மற்ற மூன்று பேருக்கும் முக்கிய வருமானம் மேடைக் கச்சேரி. பாட்டு ஹிட் ஆகாவிட்டால் கச்சேரிக்குக் கூப்பிடுபவர்கள் குறைவார்கள். குழு உடைந்ததற்குக் காரணம் ஈகோ இல்லை, சண்டை இல்லை. மூன்று பேரால் வீட்டு வாடகை கொடுக்க முடியவில்லை. 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மைன்', 'கேர் ஆஃப் செல் 44' ரெண்டையும் 1967 கடைசியில் சிங்கிளாக விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. டிசம்பரில் கடைசிக் கச்சேரி முடிந்ததும் கலைந்துவிட்டார்கள்.

பிறகு ப்ளன்ஸ்டோன் லண்டனில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தார். கிரண்டி கார் விற்கப் போனார். அட்கின்சன்? கம்ப்யூட்டர் ப்ரோகிராமிங்! முதல்முதலில் இதைப் படித்தபோது சீட்டிலிருந்து எழுந்துவிட்டேன். நம்மாளு!

அமெரிக்காவில் ஆல் கூப்பர் என்று ஒருத்தர். பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டில் ஆர்கன் வாசித்தவர். 1968இல் கொலம்பியா நிறுவனத்தில் தயாரிப்பாளராகச் சேர்ந்திருந்தார். லண்டனில் இருந்து அள்ளிக்கொண்டு வந்த ரெக்கார்டு குவியலில் இந்த ஆல்பமும் இருந்தது. கேட்டார். நேராக மேலதிகாரியிடம் போய், இதன் உரிமை யாரிடம் இருந்தாலும் வாங்குங்கள் என்றார். உரிமை அவர்களிடமே இருந்தது! கையில் வைத்துக்கொண்டே வேண்டாம் என்று தள்ளியிருந்தார்கள். இவர் பிடிவாதத்தால் ஒரு துணை லேபிளில் வெளியிட்டார்கள். முதல் சிங்கிளாக எதைப் போட்டார்கள்? 'புட்சர்ஸ் டேல்'. வியட்நாம் போர் நேரம், போர்ப் பாட்டு எடுபடும் என்று கணக்கு. படுதோல்வி. கடைசியாக 'டைம் ஆஃப் த சீசன்' வந்தது. மெதுவாக, மாதக்கணக்கில் ஏறி, 1969 மார்ச்சில் அமெரிக்கப் பட்டியலில் மூன்றாவது இடம். பத்து லட்சத்துக்கு மேல் விற்பனை.

பாட்டு ஓடுகிறது, குழு இல்லை. திரும்பிச் சேருங்கள், பணம் தருகிறோம் என்று ஆள் வந்தது. ஆர்ஜென்ட்டும் ஒயிட்டும் புதுக் குழு வேலையில் இறங்கியிருந்தார்கள். வேண்டாம் என்றார்கள். காலி இடத்தைப் பார்த்துப் போலிகள் புகுந்தன. அமெரிக்காவில் 'தி ஸோம்பீஸ்' என்ற பெயரில் போலிக் குழுக்கள் ஊர் ஊராகக் கச்சேரி செய்தன. டெக்சஸிலிருந்து கிளம்பிய ஒரு போலிக் குழுவில் இருந்த இரண்டு பேர் பின்னால் 'ஸீஸீ டாப்' என்ற பெரிய குழுவாக ஆனவர்கள். நம்புங்க, நிஜம்தான்.

அதற்கப்புறம் ஆல்பத்துக்கு மெதுவாக ஒரு கூட்டம் சேர்ந்தது. 2003இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான 500 ஆல்பங்களில் இதற்கு 80ஆம் இடம் கொடுத்தது. (2020இல் 243. பட்டியல்களை ரொம்ப நம்பாதீங்க.) 2008 மார்ச்சில், நாற்பது வருஷம் கழித்து, லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் முழு ஆல்பத்தையும் முதல்முறையாக மேடையில் வாசித்தார்கள். 2019இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம். 2024இல் பக்கவாதம் வந்த பிறகு ஆர்ஜென்ட் மேடைப் பயணங்களிலிருந்து ஓய்வு பெற்றார்.

* * *

இந்தக் கதையை யார் சொன்னாலும் கடைசியில் ஒரு நீதி வைப்பார்கள். "உண்மையான திறமை என்னிக்காவது ஜெயிக்கும்" என்று. எனக்கு இது ஒட்டவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் எங்கள் டீம் ஏழு பேர் பதினாலு மாதம் ஒரு ப்ராடக்ட் கட்டினோம். நன்றாக வந்திருந்தது. சும்மா சொல்லவில்லை, அதற்குப் பிறகு நான் எழுதிய எதுவும் அந்த அளவுக்கு வரவில்லை. ரிலீஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மேலே இருந்து ஒரு மெயில். வியூகம் மாறிவிட்டது, ப்ராஜெக்ட் நிறுத்தம். ஒரே மாதத்தில் ஏழு பேரும் ஏழு திசை. அந்தக் கோட் எங்கேயோ ஒரு சர்வரில் தூங்குகிறது, இல்லை அழித்தே இருப்பார்கள். அதை எந்த ஆல் கூப்பரும் வந்து கண்டுபிடிக்கப் போவதில்லை. திறமை ஜெயிக்கும் என்றால், ஜெயிக்காததெல்லாம் திறமை இல்லாதது என்று ஆகிவிடும். அது பொய். அந்த வருஷம் லண்டனில் செய்து யாரும் கேட்காமல் போன எத்தனையோ ஆல்பங்களில் இதுவும் ஒன்றாகப் போயிருக்கலாம். போயிருந்தாலும் 'எ ரோஸ் ஃபார் எமிலி' இதே பாட்டுதான். ஒரு ஸ்வரம் குறைந்திருக்காது.

அதே நேரத்தில், "யாரும் கேக்காட்டி என்ன, செஞ்சதே சந்தோஷம்"னு சொல்லி ஒதுங்கவும் என்னால் முடியவில்லை. பாட்டு அதே பாட்டுதான், ஆனால் வாடகை வாடகைதான். பால் அட்கின்சன் ப்ரோகிராமிங்கோடு நிற்கவில்லை. பிறகு இசை நிறுவனங்களில் பெரிய பதவிகளுக்குப் போனார், பல கலைஞர்களை ஒப்பந்தம் செய்தார், 2004இல் இறந்தார். 2008 மேடையில் அவருடைய கிடாரை வேறொருவர் வாசித்தார். அந்தக் கச்சேரி வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் தானாக கிடார் பக்கம்தான் போகிறது. 'ஜெயித்தது' என்று நாம் சொல்லும் அந்த ஜெயிப்பு நாலு வருஷம் தாமதமாக வந்திருக்கிறது, அவருக்கு.

எனக்குப் பிடித்த ஆள் இந்தக் கதையில் கூப்பர்தான். அவர் பெரிய தியாகம் எதுவும் செய்யவில்லை. ஒரு ரெக்கார்டை முழுசாகக் கேட்டார், பிடித்திருந்தது, அந்தச் சந்தோஷத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் எழுந்து போய் இன்னொருத்தரிடம் சொன்னார். அவ்வளவுதான். அதைச் செய்ய நமக்குப் பதவி வேண்டாம். நல்ல புத்தகம், நல்ல படம், கூட வேலை பார்க்கிறவன் எழுதின நல்ல கோட், எதுவாக இருந்தாலும் சரி, அந்த ஆள் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அந்த ஏழு பேரில் மிச்சம் ஆறு பேருக்கும் போன வாரம் மெயில் எழுதினேன். யார் எந்த மாட்யூலை எவ்வளவு அழகாகச் செய்திருந்தார்கள் என்று, பெயர் சொல்லி. நாலு பேர் பதில் போட்டார்கள். ஒருத்தன் அந்த ஆர்க்கிடெக்சர் படத்தை இன்னும் வைத்திருக்கிறானாம், ஸ்கேன் பண்ணி அனுப்பியிருந்தான்.

சரி மக்களே, கேட்கும் முறை: ராத்திரி, ஹெட்ஃபோன், கிடைத்தால் மோனோ பதிப்பு. பாட்டு பாட்டாகப் பொறுக்காமல் முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில். முதல்முறை மெட்டைக் கேளுங்கள். ஒற்றை மெட்டையே பின்தொடர்ந்து பழகின காது நமக்கு, அது தானாக அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் முறை மெட்டை விட்டுவிட்டுப் பின்னால் போகிற குரல்களை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். 35 நிமிஷம்தான், ஆபீஸ் கேப் வீடு வந்து சேரும் நேரத்தைவிடக் குறைவு. உங்களுக்கு எந்தப் பாட்டு ஒட்டிக்கொண்டது என்று சொல்லுங்கள். 'எமிலி' என்று சொல்பவர்களுக்கு என் செலவில் ஒரு டீ.

பி.கு: இந்தப் பதிவில் எழுத்துப்பிழை எதுவும் கண்ணில் பட்டால், அது பிழை இல்லை. சிலேடை :-)